மூன்றாவது ஃபிரேம்

குரு என்றால் தாடி, சீடன் என்றால் இளவட்டம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பத்தாறு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தாடிக்கு வழியே இல்லை, ஏனென்றால் அவர் பெயர் ஜம்ருத் பீவி.

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் டிராயிங் நடத்துகிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார். படுத்தபடி ஓட்டுகிற சைக்கிள் எப்படிச் செய்வது என்று அங்கே சொல்லிக் கொடுப்பார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வண்டி அது. முதுகுக்கு வேலையே இல்லை. முதுகு போனவர்களும் குனிய முடியாதவர்களும் அவரைத் தேடி வருவார்கள்.

யாருக்கும் அவர் செய்து கொடுக்க மாட்டார். "ஓட்டப்போறவங்க வீட்டு ஆள் செய்யட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்பார். கேட்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

சீடர் இருதயராஜ் வெல்டர். கொதிகலன் குழாய்களுக்கு வெல்டு வைப்பவர். அவர் வைத்த வெல்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு படத்திலும் ஒரு பொட்டுக் குறை வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. கூடவே ஒரு வியாதியும் உண்டு, அவர் கைபட்ட எதுவும் அசையக் கூடாது.

அவர் மனைவி செசிலி பால்வாடி டீச்சர். வாய்க்காலுக்கு அக்கரையில் பால்வாடி. போன வருஷம் அடுப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. ஒரு மாதம் இடது கால் மரத்துப்போய்க் கிடந்தது. அந்த ஒரு மாதம் இருதயராஜ் சாப்பிட்டாரா தூங்கினாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

கால் திரும்பி வந்தது. நடக்கிறாள், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போகிறது. ஆட்டோவோ மூன்று சக்கர வண்டியோ வாய்க்கால் பாலத்தைத் தாண்டாது. டிராக்டர் ஏறக் கூடாதென்று பாலத்தின் வாயில் இரண்டு கல்தூண் நட்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் லீவு முடிகிறது. வந்து சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

சாய்ந்து உட்கார்ந்து காலை அசைக்கலாம், நல்லதுதான் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னொரு தடவை மட்டும் விழுந்துடாதீங்கம்மா" என்றார்.

செசிலி அதைக் கேட்டுவிட்டு மறந்துபோனாள். இருதயராஜுக்கு அந்த வார்த்தை காதிலேயே தங்கிவிட்டது.

முதல் தடவை கொட்டகைக்கு வந்தபோதே ஒரு ஃபிரேமைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஏதோ படத்தைப் பார்த்துத் தானே வெல்டு வைத்தது. செசிலியின் முதுகுக் கதையைச் சொன்னார்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி. முன் ஃபோர்க்கை எத்தனை டிகிரி சாய்ச்சு வச்சா வண்டி விழவே விழாது?"

டீச்சர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"விழவே கூடாதா?"

"விழவே கூடாது."

"அப்ப கட்டில் செய்யுங்க அண்ணே."

இருதயராஜ் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

டீச்சர் சக்கரங்களை மாட்டச் சொன்னார். முக்காட்டை இழுத்து முடிந்துகொண்டு இருக்கையில் சாய்ந்தார். காலை நீட்டினால் கட்டைவிரல் நுனிதான் பெடலைத் தொட்டது.

"அக்கா என்ன உயரம்?"

"உங்க உயரம்தான் டீச்சர்."

"எப்படி அளந்தீங்க?"

"கதவு நிலையில நிக்க வச்சு, இடுப்புலேருந்து குதிகால் வரைக்கும். மில்லிமீட்டர் பிசகல."

"அக்கா நின்னுக்கிட்டா ஓட்டப்போறாங்க?"

இருதயராஜுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. தையல்காரன் பேண்டுக்கு அளவெடுக்கிற மாதிரி எடுத்திருக்கிறார். சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் போய்விடும் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருஷ வேலையில் அவர் அளந்த எதுவும் உட்கார்ந்ததில்லை.

டீச்சர் எப்படியோ நுனிக்காலால் மிதித்து முற்றத்தில் ஒரு சுற்று வந்தார். வண்டி துறுதுறுவென்று ஆடியது. இருதயராஜ் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"ஏன் அண்ணே ஓடி வர்றீங்க?"

"பிடிக்கத்தான்."

"நான் விழலையே."

"ஆடுதே டீச்சர்!"

"ஆடுது" என்று ஒப்புக்கொண்டார் டீச்சர். "அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாளே செசிலி வந்தாள். டீச்சர் ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, கீழே செங்கல் அடுக்கி, அவளைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். எந்தச் சாய்வில் முதுகு வலிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டுச் செங்கல்லை எடுத்தார், வைத்தார். காலை நீட்டச் சொல்லி, முட்டி லேசாக மடங்குகிற இடத்தில் குதிகாலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார்.

"பொணத்துக்கு அளவெடுக்கிற மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள் செசிலி.

"வாயை அலம்பு!" என்று கத்தினார் இருதயராஜ். "நல்ல காரியம் நடக்கிற இடத்துல என்ன பேச்சு இது!"

"சும்மா சொன்னேங்க. பொணம் இவ்வளவு சௌகரியமா உட்காராது."

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருதயராஜ் மட்டும் மாதாவை நினைத்து மனசுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் டீச்சர் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் விஷயத்தைச் சொன்னார். ஃபோர்க்கின் மேல் குழாயில் ஒரு நூலைக் கட்டி, அது சாய்ந்திருக்கிற வாக்கிலேயே தரைவரைக்கும் இழுத்துப் பிடித்தார். நூல் தரையைத் தொட்ட இடம் ஒன்று. சக்கரம் தரையைத் தொட்ட இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால்.

"இந்த இடைவெளிதான் அண்ணே. இது கூடினா வண்டி பிடிவாதமா நேராப் போகும். குறைஞ்சா..."

"நேராப் போகும்" என்றார் இருதயராஜ்.

"இன்னும் முடிக்கலை."

"புரிஞ்சிருச்சு டீச்சர். நேராப் போகும்."

அதற்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்குப் போய் முதல் ஃபிரேமை அறுத்துப் போட்டார். வேலைக்குப் போய் வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வீட்டு வாசலில் பொறி பறந்தது. அந்த இடைவெளியை எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவு கூட்டினார். வண்டியையும் நீட்டினார். மூலைக்கு மூலை முட்டுத் தகடு வைத்தார். இரண்டாவது ஃபிரேமைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

முற்றத்தில் ஓட்டிக் காட்டினார். ஆட்டமே இல்லை. கையை விட்டால்கூட நேராகப் போயிற்று. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் பல் தெரிந்தது.

"எப்படி டீச்சர்?"

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். "உங்க வீட்டுலேருந்து பால்வாடிக்கு வழி எப்படி, சொல்லுங்க" என்றார்.

இருதயராஜ் சொன்னார். தெரு கொஞ்சம் இறக்கமாக வந்து நேரே வாய்க்காலில் முட்டும். அங்கே சட்டென்று வலது பக்கம் ஒடிக்க வேண்டும். கரையோடு போய்ப் பாலத்தில் ஏற வேண்டும். ஒடிக்கிற இடத்தில் இறங்கி நடக்கலாம் என்றால், தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருப்பதும் உட்காருவதும்தான் செசிலிக்குப் பெரிய வாதை.

அவர் சொல்லச் சொல்ல டீச்சர் தரையில் தெருவை வரைந்தார். வாய்க்காலையும் வரைந்தார்.

"இப்ப ஓட்டுங்க."

இருதயராஜ் தெருவில் வந்தார். ஹேண்டில்பாரை ஒடித்தார். வண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சாக்பீஸ் வாய்க்காலை நேராகக் கடந்து, டீச்சர் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் போய்ச் சேர்ந்தது.

"நேராத்தான் போகுது" என்றார் டீச்சர்.

இருதயராஜ் தலையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துக்கொண்டே எழுந்தார். இது செசிலியாக இருந்திருந்தால்?

"அப்ப எவ்வளவுதான் வைக்கிறது டீச்சர்? கம்மியா வச்சா ஆடுது. கூட்டி வச்சா வளைய மாட்டேங்குது. ஒரு நம்பர் சொல்லுங்க. கெஞ்சிக் கேட்கிறேன்."

டீச்சர் நம்பர் சொன்னார். கூட இருந்து கோணமானியைப் பிடித்துக் காட்டினார். இதற்கு இத்தனை நாள் ஏன் சுற்ற விட்டார் என்று இருதயராஜுக்குக் கோபம்கூட வந்தது.

மூன்றாவது ஃபிரேம் மே மாசக் கடைசியில் தயாராயிற்று. முட்டுத் தகடு இல்லை. ஒரு ஆள் தூக்கலாம். இருக்கைக்கும் பெடலுக்கும் இடையில் செசிலியின் கால் அளவு, சாய்ந்த கால் அளவு. பள்ளி லீவு என்பதால் கோயில் மைதானம் காலியாக இருந்தது. பாதிரியாரிடம் கேட்டு அங்கே பழகினார்கள்.

செசிலி முதலில் தடுமாறினாள். கிளம்பும்போது வண்டி இரண்டு பக்கமும் அல்லாடும். சட்டென்று காலை ஊன்றுவாள். இருக்கை தாழ்வு, கால் தரைக்கு எட்டியது. நாலைந்து நாளில் பிடி கிடைத்துவிட்டது. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மணியை அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு வருஷமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தவளுக்கு முகமே வேறாகிவிட்டது.

இருதயராஜ் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் சக்கரத்தைத்தான். ஒவ்வொரு வளைவிலும் வண்டி லேசாகச் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மைதானத்தில் புல் இருக்கிறது, விழுந்தாலும் பரவாயில்லை. வாய்க்கால் முனையில் என்ன இருக்கிறது?

"டீச்சர், சாயுது" என்றார் போனில்.

"ம்."

"நீங்க சொன்ன கோணம்தான் வச்சிருக்கேன். இருந்தும் சாயுது."

"ம்."

"என்ன டீச்சர், ம் ம்ங்கிறீங்க!"

"திங்கட்கிழமை வர்றேன் அண்ணே. அன்னைக்குத்தானே அக்கா வேலைக்குச் சேர்றாங்க?"

ஞாயிற்றுக்கிழமை செசிலி பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் இருதயராஜ் ஒரு காரியம் செய்துவிட்டார். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கை நீட்டி, நுனியில் ஒவ்வொரு சின்னச் சக்கரம். குழந்தைகள் சைக்கிளுக்கு இருக்குமே, அதே மாதிரி. பாலத்துத் தூண் இடைவெளியை அளந்து, அதற்குள் அடங்குகிற மாதிரிதான் போட்டார். போல்ட் போட்டால் நாளைக்கு ஆடும் என்று வெல்டே வைத்துவிட்டார். வண்டியைத் தள்ளிப் பார்த்தார். எந்தப் பக்கம் தள்ளினாலும் சாயவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலையில் செசிலி சேலைத் தலைப்பில் பெரிய பின்னாக ஒன்று குத்திக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"இது என்னங்க? ராத்திரியோட ராத்திரியா குட்டி போட்டிருக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"எனக்கா, உங்களுக்கா?"

செசிலி உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தாள்.

வாய்க்கால் முனையில் ஜம்ருத் டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மேட்டூர் தண்ணீர் இன்னும் வரவில்லை. வாய்க்காலில் முழங்கால் அளவு சேறுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டே இருதயராஜ் வந்தார், பக்கத்தில் செசிலி மெதுவாக நடந்து வந்தாள்.

டீச்சர் குனிந்து சின்னச் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டார். அது சுழன்று நின்றது.

"நல்ல வெல்டு" என்றார்.

"தாங்க்ஸ் டீச்சர்."

"முதல்ல நீங்க ஒரு தடவை போயிட்டு வாங்க அண்ணே. தெருவிலேருந்து வந்து, இந்த முனையில ஒடிச்சு, பாலம் வரைக்கும்."

"நானா?"

"அக்கா போகப்போற வழிதானே? நீங்க பார்த்துக் குடுத்தா நல்லது."

நியாயமாகத்தான் பட்டது. இருதயராஜ் வண்டியைத் தெருவின் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். இருக்கையில் சாய்ந்தார், கால் அளவு அவருக்குச் சரிவரவில்லை, முட்டி நெஞ்சை இடித்தது. மிதித்தார். வண்டி கிண்ணென்று வந்தது. இறக்கத்தில் வேகம் பிடித்தது. ஒரு ஆட்டமில்லை, அசைவில்லை. பார்த்தீர்களா என்கிற மாதிரி டீச்சரைப் பார்த்தார்.

முனை வந்தது. ஹேண்டில்பாரை வலது பக்கம் ஒடித்தார். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. உடம்பு இடது பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. வலது பக்கம் சாய்த்துப் பார்த்தார், சின்னச் சக்கரம் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாயவே விடவில்லை. இடது பக்கத்துச் சின்னச் சக்கரம் கரையின் பொலபொலத்த மண்ணில் புதைந்தது. அடுத்த நொடி வானம் தெரிந்தது, அதற்கடுத்த நொடி சேறு.

செசிலி சிரிக்க ஆரம்பித்தாள். டீச்சரின் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சிரிக்காதே! முதுகு!" என்று சேற்றிலிருந்து கத்தினார் இருதயராஜ்.

அதற்கு இன்னும் சிரித்தாள்.

டீச்சர் கை கொடுத்து அவரை மேலே ஏற்றினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரையில் உட்கார்ந்து முகத்துச் சேற்றை வழித்துப் போட்டார்.

"ஏன் டீச்சர் வளையல? கோணம் சரியாத்தானே இருக்கு?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் செசிலி சொன்னாள்.

"என்கிட்ட கேளுங்க, சொல்றேன். பள்ளிக்கூடம் போன காலத்துலேருந்து சைக்கிள் மிதிச்சவ நான். வளைக்கணும்னா சாயணும். உங்க குட்டிச் சக்கரம் சாய விட்டாத்தானே? நீங்க பைக்ல சாயாமலா வளைக்கிறீங்க?"

"அது நான்."

"இது?"

"இது நீயாச்சே செசிலி."

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். "அன்னைக்கு நீ அடுப்படியில கிடந்தே. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறே, காலை அசைக்க முடியல. அதையே தினமும் பார்க்கிறேன். வெல்டு வைக்கும்போதும் கண்ணாடிக்குள்ள அதுதான் தெரியுது. நான் செஞ்ச வண்டியிலேருந்து நீ விழுந்தா, அப்புறம் நான் என்ன ஆவேன்?"

செசிலி பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிய முடியாது, அதனால் நின்றபடியே பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து இரும்பு அறுக்கிற ஒரு ஹாக்சா பிளேடை எடுத்து வந்தார். காலையில் செசிலி போன் செய்தது இவருக்குத்தான்.

"அறுங்க அண்ணே."

"கட்டிங் மெஷின் வீட்டுல இருக்கு டீச்சர். எடுத்துட்டு வந்துடறேன்."

"கையாலேயே அறுங்க."

இருதயராஜ் அறுத்தார். தன் வெல்டைத் தானே அறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பிளேடு வழுக்கியது. சூடேறியது. நெற்றி வேர்வை சேற்றோடு சேர்ந்து கண்ணில் இறங்கியது. வாய்க்கால் கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருத்தர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

"எவ்வளவு கெட்டியா வச்சிருக்கீங்க" என்றார் டீச்சர்.

"பழக்கம் டீச்சர்."

"பாராட்டலை."

ஒரு கை கழன்று விழுந்தது. இரண்டாவதைத் தொட்டபோது நிறுத்தினார்.

"ஒண்ணாவது இருக்கட்டுமா? வாய்க்கால் பக்கம் மட்டும்?"

செசிலி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பால்வாடியில் பிள்ளைகள் வந்திருக்கும். இருதயராஜ் மறுபடி பிளேடை எடுத்தார்.

இரண்டாவதும் விழுந்தது. வண்டி சட்டென்று அவர் தோளில் சாய்ந்துகொண்டது. பிடித்து நிறுத்தினார். சேற்றைத் துடைத்தார். பிரேக்கைப் பார்த்தார், செயினைப் பார்த்தார், மறுபடி பிரேக்கைப் பார்த்தார்.

"போதுங்க" என்றாள் செசிலி. "நேரமாகுது."

வண்டியைத் தெருவின் மேட்டுக்கு அவரே தள்ளிக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார். செசிலி அவர் கையை ஊன்றி மெதுவாக இருக்கையில் இறங்கினாள். பையை இடுப்போடு வைத்துக் கட்டிக்கொண்டாள்.

"நான் பின்னாலேயே ஓடி வர்றேன்" என்றார்.

"வேண்டாங்க. நீங்க ஓடி வந்தா உங்க மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்கும். போய் டீச்சர் பக்கத்துல நில்லுங்க. நின்னதும் கிளம்புறேன்."

இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இருந்தாலும் போய் நின்றார்.

"டீச்சர், விழுந்துட்டா?"

"விழலாம் அண்ணே."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"நீங்க கேட்டீங்க."

மேட்டில் மணிச் சத்தம் கேட்டது. இருதயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மாதா பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. செயின் ஓடுகிற சத்தம் வந்தது. டயரில் மண் நெரிபடுகிற சத்தம் வந்தது. இறக்கத்தில் அது வேகமாயிற்று. முனைக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது.

"டீச்சர், சாயுதா?"

"சாயுது."

அவர் எட்டி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, எந்தப் பக்கம்?"

"போற பக்கம்தான் அண்ணே."